சாஃப்ட்வேரை சொந்தமா உருவாக்குவதா, வெளியே வாங்குவதா? சாந்தோம் பதிவுத்துறை அனுபவம் சொல்வது என்ன?

முகூர்த்த நாள் நெருங்கினால் பதிவுத்துறையிடமிருந்து ஒரு செய்திக்குறிப்பு வந்துவிடும். ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்துக்கு 100-க்குப் பதில் 150 டோக்கன். இரண்டு சார்பதிவாளர் இருந்தால் 200-க்குப் பதில் 300. கூட்டம் அதிகமாக வரும் 100 அலுவலகங்களுக்கு வழக்கமான 12 தட்கல் டோக்கனோடு கூடுதலாக 4. இதெல்லாம் தமிழ்நாட்டு மக்களுக்குப் பழகிப்போன செய்தி.

அப்படிப்பட்ட நாட்களில் 2025-ம் ஆண்டு ஒரே நாளில் 270 கோடி ரூபாய்க்கும் மேல் வருவாய் வந்திருக்கிறது. அந்த நாளில் சாஃப்ட்வேர் ஒரு மணி நேரம் நின்றுபோனால் என்ன ஆகும்? அரசுக்கு வரவேண்டிய பணம் தாமதமாகும் என்பது ஒரு பக்கம். வெளியூரிலிருந்து வந்த விற்பனையாளர், வங்கிக் கடன் செக்கோடு காத்திருக்கும் அதிகாரி, ராகுகாலத்துக்குள் கையெழுத்து போட்டுவிட வேண்டும் என்று பதறும் குடும்பம் என எல்லாரும் வராண்டாவில் நிற்பார்கள்.

இத்தனை பேரின் சொத்து தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு சாஃப்ட்வேரை யார் எழுத வேண்டும்? துறையே ஆள் வைத்து எழுதுவதா, வெளியே ஒரு கம்பெனியிடம் கொடுப்பதா, இல்லை ரெடிமேடாகக் கிடைப்பதை வாங்குவதா? அரசுத் துறைக்கு மட்டும் வரும் கேள்வி இல்லை இது. வங்கி, மருத்துவமனை, பள்ளி, தி.நகர் ஜவுளிக்கடை வரைக்கும் எல்லாருக்கும் ஒருநாள் இந்தக் கேள்வி வரும்.

இதைப் புரிந்துகொள்ள சாந்தோம் நல்ல இடம். சாந்தோம் நெடுஞ்சாலை 100-ம் எண் கட்டடத்தில்தான் தமிழ்நாடு பதிவுத்துறைத் தலைவர் அலுவலகம் இருக்கிறது. மாநிலம் முழுக்க உள்ள 570-க்கும் மேற்பட்ட சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு இதுதான் தலைமையகம்.

வீடு மாதிரிதான் இதுவும்

பத்திரம் பதியும் துறை என்பதால் வீட்டை வைத்தே சொல்லிவிடலாம். மனை வாங்கி, மேஸ்திரி வைத்து, நாமே நின்று கட்டுவது ஒரு வகை. சாஃப்ட்வேரில் அது சொந்தமாக உருவாக்குவது. ஆள் நம் ஆள், சுவரை எங்கே வேண்டுமானாலும் இடிக்கலாம், ஆனால் தினமும் போய் நிற்க வேண்டும்.

கட்டி முடித்த ஃப்ளாட் வாங்குவது இன்னொரு வகை. சாவி கையில் வந்துவிடும். ஆனால் சமையலறையை ஹாலுக்கு மாற்ற முடியாது. வாடகைக்குப் போவது மூன்றாவது. மாதாமாதம் பணம் கட்டி இன்டர்நெட் வழியாகப் பயன்படுத்தும் சாஃப்ட்வேர்கள் எல்லாம் இந்த வகை. வேலை செய்கிறவரை நிம்மதி. வாடகையை ஏற்றுவது வீட்டுக்காரர் கையில்.

நான்காவதாக ஒன்று இருக்கிறது. நம் மனையில், நாம் சொல்லும் பிளான்படி, கான்ட்ராக்டர் கட்டிக்கொடுப்பது. பெரிய அரசுத் திட்டங்கள் பெரும்பாலும் இந்த வகைதான். வெளியே இருந்து பார்த்தால் ‘வாங்கியது’ போலத் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் பாதி உருவாக்கியது, பாதி வாங்கியது. பிளான் போட்டவருக்கு விஷயம் தெரியாவிட்டால் கான்ட்ராக்டர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் படிக்கட்டு தப்பான இடத்தில்தான் வரும்.

சாந்தோமில் நடந்தது என்ன?

பதிவுத்துறையில் கணினிமயம் 2000-ம் ஆண்டு ‘ஸ்டார்’ என்ற திட்டத்தோடு தொடங்கியது. அதற்கு முன்பு வில்லங்கச் சான்று வேண்டுமென்றால், அலுவலக ஊழியர் தடித்தடியான அட்டவணைப் புத்தகங்களை வருட வாரியாகப் புரட்டி, கையால் எழுதிக்கொடுக்க வேண்டும். முதல் ஸ்டாரில் அந்தந்த அலுவலகத்துக்கு அந்தந்தக் கணினி. மயிலாப்பூர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் மயிலாப்பூரில் மட்டும் வேலை நிற்கும். அடையாறில் வழக்கம்போல் நடக்கும்.

2018 பிப்ரவரி 12-ம் தேதி அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி ‘ஸ்டார் 2.0’-ஐ தொடங்கிவைத்தார். இந்த முறை எல்லா அலுவலகமும் ஒரே மையத்தோடு இணைந்த, இணையவழி சாஃப்ட்வேர். உருவாக்கிக் கொடுத்தது டிசிஎஸ். அதாவது நான்காவது வகை. பிளான் துறையுடையது, கட்டியது கான்ட்ராக்டர்.

பலன் உடனே தெரிந்தது. வில்லங்கச் சான்றை வீட்டில் உட்கார்ந்தே இலவசமாகப் பார்க்க முடிந்தது. பத்திர விவரத்தை மக்களே ஆன்லைனில் ஏற்றலாம், கட்டணத்தைக் கட்டலாம், டோக்கன் போடலாம். இதற்கு முன்பு இதற்கெல்லாம் எத்தனை முறை நடக்க வேண்டியிருந்தது என்பதை 2000-களில் வீடு வாங்கியவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம்.

பலனோடு ஒரு புதுப் பழக்கமும் வந்தது. ‘சர்வர் டவுன்’ என்ற வார்த்தை. எல்லாமே ஒரே மையத்தில் இருப்பதால், மையம் தடுமாறினால் கன்னியாகுமரி முதல் கும்மிடிப்பூண்டி வரை எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் வேலை தடுமாறும். புது சாஃப்ட்வேருக்கு மாறிய தொடக்க காலத்தில் இந்தப் புகார்கள் அதிகம் கேட்டன. இது டிசிஎஸ் எழுதியதால் வந்ததா, துறையே எழுதியிருந்தால் வராதா என்றால் இல்லை. மையப்படுத்தினால் வரும் விலை அது. யார் எழுதினாலும் வரும். கட்டுவதா வாங்குவதா என்ற விவாதத்தில் பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் இதுதான்.

விதி மாறினால் சாஃப்ட்வேரும் மாறணும்

சரி, அப்போ எதை வைத்து முடிவெடுப்பது? பதிவுத்துறையின் கடந்த சில ஆண்டுகளைப் பார்த்தால் ஒரு பதில் கிடைக்கிறது.

2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பு 33 சதவீதம் குறைக்கப்பட்டது, கூடவே விற்பனைப் பத்திரத்துக்கான பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக ஏறியது. 2023 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பு பழைய நிலைக்குத் திரும்பியது, பதிவுக் கட்டணம் 4-லிருந்து 2 சதவீதமாக இறங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் அடுக்குமாடி வீடுகளுக்கு நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்துக் கணக்கிடும் கூட்டு மதிப்பு முறை வந்தது. 2024 ஜூலையில் வழிகாட்டி மதிப்பு மறுபடி திருத்தப்பட்டது. 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை.

இந்தப் பட்டியலில் சில மாற்றங்கள் சாஃப்ட்வேருக்குச் சுலபம். 4 என்ற எண்ணை 2 என்று மாற்றினால் போதும். சில மாற்றங்கள் அப்படி இல்லை. 2023 ஜூலையில் குடும்பத்தினர் அல்லாதவருக்குக் கொடுக்கும் பொது அதிகார ஆவணத்துக்கான கட்டணம் 10,000 ரூபாய் என்ற நிலையான தொகையிலிருந்து சொத்தின் சந்தை மதிப்பில் 1 சதவீதம் என்று மாறியது. மக்களுக்கு இது கட்டண உயர்வு. சாஃப்ட்வேருக்கு இது வேறு விஷயம். இதுவரை அந்தப் பக்கத்தில் சொத்து மதிப்பையே பார்க்கத் தேவையில்லை. இனி மதிப்பை எடுக்க வேண்டும், கணக்குப் போட வேண்டும், வாங்குபவர் குடும்ப உறவா இல்லையா என்று பிரிக்க வேண்டும். பெண்களுக்கான சலுகையும் இப்படித்தான். சொத்தின் மதிப்பையும் வாங்குபவர் யார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கட்டணம் வரும்.

இதைவிடச் சிக்கல் சட்டமே மாறும்போது வருகிறது. போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்ற 77-ஏ பிரிவு 2022-ல் நடைமுறைக்கு வந்தது. 2024-ல் உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாது என்றது. ரத்தான பத்திரம் வில்லங்கச் சான்றில் எப்படித் தெரிய வேண்டும், அந்த ரத்தே கேள்விக்குள்ளானால் எப்படித் தெரிய வேண்டும் என்பதையெல்லாம் யாரோ உட்கார்ந்து யோசித்து, எழுதி, சோதித்துப் பார்க்க வேண்டும்.

அரசாணை ஏப்ரல் 1 முதல் அமல் என்று சொல்லிவிட்டால் சாஃப்ட்வேர் ஏப்ரல் 1 காலை 10 மணிக்குத் தயாராக இருக்க வேண்டும். அதற்கான ஆள் நம் சம்பளத்தில் இருந்தால் போன் போட்டுக் கூப்பிடலாம். கான்ட்ராக்ட் என்றால் ‘சேஞ்ச் ரிக்வெஸ்ட்’ என்று ஒரு நடைமுறை உண்டு. என்ன மாற்றம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எத்தனை ஆள், எத்தனை நாள் என்று அவர்கள் கணக்கு சொல்வார்கள். ஒப்பந்தத்துக்குள் வருமா, தனிப் பணமா என்று பேச்சு நடக்கும்.

தமிழ்நாட்டின் முத்திரைத்தீர்வை விதிகள் வேறெந்த மாநிலத்திலும் அப்படியே கிடையாது. அதனால் இந்த வேலைக்கு ரெடிமேட் சாஃப்ட்வேர் கடையில் கிடைக்காது. கிடைத்தாலும் வாங்கிய ஆறு மாதத்தில் அடையாளம் தெரியாமல் மாற்ற வேண்டியிருக்கும். ஆக, இங்கே நிஜமான கேள்வி ‘எது மலிவு’ என்பதைவிட ‘நாளைக்கு விதி மாறினால் யார் கையில் சாவி இருக்கும்’ என்பதுதான்.

பக்கத்துத் துறை வேறு வழியில் போனது

பத்திரம் பதிந்த பிறகு பட்டா மாற வேண்டும். அது வருவாய்த்துறை வேலை. அங்கே ஓடும் சாஃப்ட்வேரின் பெயர் ‘தமிழ்நிலம்’. இதை உருவாக்கியது மத்திய அரசின் தேசிய தகவலியல் மையம், அதாவது என்ஐசி. ஒரே மனைக்கான இரண்டு பதிவுகள். ஒன்று தனியார் கம்பெனி எழுதியதில், மற்றொன்று அரசு அமைப்பு எழுதியதில்.

அப்போ தமிழ்நிலம் ‘சொந்த வீடு’ தானே என்று தோன்றும். முழுசா அப்படிச் சொல்ல முடியாது. மாநில அரசுக்கு என்ஐசி சித்தப்பா வீடு மாதிரி. வாடகை கேட்க மாட்டார்கள், வெளியே போ என்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த வீட்டில் வேறு பிள்ளைகளும் இருக்கிறார்கள். நம் வேலைக்கு முறை வரும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

இரண்டு சாஃப்ட்வேரும் ஒன்றோடொன்று பேச வேண்டிய கட்டாயம் இப்போது இருக்கிறது. உட்பிரிவு செய்யத் தேவையில்லாத சொத்துகளுக்குப் பதிவு முடிந்ததும் தானாகவே பட்டா மாறும் வசதி அதனால்தான் சாத்தியமானது. இங்கே பதிந்த பெயரும் சர்வே எண்ணும் அங்கே அப்படியே போய்ச் சேர வேண்டும். ஒரு பக்கம் ‘12/3ஏ’ என்றும் மறுபக்கம் ‘12/3ஏ1’ என்றும் இருந்தால் தானாக நடக்காது, மனு போட்டு அலைய வேண்டியதுதான். யார் எழுதிய சாஃப்ட்வேராக இருந்தாலும், தகவலை அடுத்தவர் படிக்கும்படி வெளியே கொடுக்க முடிகிறதா என்பதுதான் இங்கே முக்கியம்.

சொந்தமாக உருவாக்கி ஜெயித்ததற்கு ரயில்வே நல்ல உதாரணம். 1986-ல் தொடங்கப்பட்ட ‘கிரிஸ்’ என்ற ரயில்வேயின் சொந்த அமைப்புதான் முன்பதிவு சாஃப்ட்வேரை உருவாக்கியது. சென்னை உட்பட ஐந்து முன்பதிவு மையங்கள் 1999-ல் ஒன்றாக இணைந்தன. அதனால்தான் சென்ட்ரல் கவுன்டரில் நின்று டெல்லியிலிருந்து திரும்பிவரும் டிக்கெட்டையும் எடுக்க முடிந்தது. கோட்டா, தட்கல், ஆர்ஏசி என்று உலகத்தில் வேறெங்கும் இல்லாத விதிகள் இருக்கும் இடத்தில் சொந்தமாக எழுதியது சரியான முடிவு. காலை 10 மணிக்கு ஏசி தட்கல் எடுக்க உட்காருபவர்கள் வேறு மாதிரி சொல்லலாம், அது தனிக் கதை.

சொந்தமாக எழுதி, பிறகு வாங்கிய வங்கி

சாந்தோமிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, அண்ணா சாலையில் இருக்கிறது இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் தலைமையகம். மற்ற வங்கிகள் பலவும் இன்ஃபோசிஸின் ‘ஃபினாக்கிள்’, டிசிஎஸ்ஸின் ‘பேங்க்ஸ்’ என்று வாங்கிக்கொண்டிருந்தபோது, இந்த வங்கி தன் ஊழியர்களை வைத்தே ‘கிரௌன்’ என்ற பெயரில் கோர் பேங்கிங் சாஃப்ட்வேர் எழுதி ஓட்டிக்கொண்டிருந்தது. பெரிய விஷயம்தான். ஆனால் 2010-களின் நடுவில் அதை விட்டுவிட்டு ஃபினாக்கிளுக்கு மாறியது.

ஏன் இப்படி ஆகும் என்று யோசித்தால் வங்கித் தொழிலின் தன்மை புரியும். சேமிப்புக் கணக்குக்கு வட்டி போடுவது எல்லா வங்கிக்கும் ஒன்றுதான். ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டால் அது எல்லாருக்கும் பொது. மொபைல் பேங்கிங், அப்புறம் யுபிஐ என்று வரிசையாக வந்த எல்லாமும் பொது. பொது சாஃப்ட்வேர் வாங்கிய வங்கிகளுக்கு அந்த மாற்றத்தை ஒரே கம்பெனி ஒருமுறை எழுதிக் கொடுத்துவிடும். தனியாக எழுதிய வங்கி, அதே மாற்றத்தைத் தன் ஆட்களை மட்டும் வைத்து எழுத வேண்டும். கூடவே, வங்கித் தேர்வு எழுதி வந்த அதிகாரி ஐந்து வருடம் சாஃப்ட்வேர் கற்றுக்கொண்ட பிறகு பதவி உயர்வில் வேறு ஊர் கிளைக்கு மேலாளராகப் போய்விடுவதும் அரசு வங்கிகளில் நடப்பதுதான்.

பதிவுத்துறையையும் வங்கியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கோடு எங்கே விழுகிறது என்று தெரிகிறது. விதி எல்லாருக்கும் பொதுவாக இருந்தால் வாங்குவது லாபம். விதி நமக்கு மட்டும் சொந்தமாக இருந்தால் எழுதுவதோ, நம் பிளான்படி எழுதவைப்பதோதான் வழி.

மத்திய அரசு மின்னஞ்சலில் செய்தது இந்தக் கோட்டுக்குப் பொருத்தமான உதாரணம். பல வருடம் என்ஐசி நடத்திவந்த அரசு மின்னஞ்சல், இப்போது 1996-ல் சென்னையில் வேர்விட்ட ஜோஹோவின் தளத்துக்கு மாறியிருக்கிறது. சுமார் 12 லட்சம் மத்திய அரசு ஊழியர்களின் கணக்குகள் மாறின. மின்னஞ்சலில் தனி விதி எதுவும் இல்லை. வெளியே வாங்குவது நியாயம். ஆனால் முகவரியில் வரும் அரசுப் பெயர் அரசின் கையில்தான் இருக்கிறது. நாளைக்கு வேறு கம்பெனிக்கு மாறினாலும் அதிகாரியின் முகவரி மாறாது.

பாஸ்போர்ட் சேவா மையம் இன்னொரு வழி. சாலிகிராமத்திலோ தாம்பரத்திலோ உள்ளே போனவர்களுக்குத் தெரியும். போட்டோ எடுத்து ஆவணத்தை ஸ்கேன் செய்யும் ‘ஏ’ கவுன்டரில் டிசிஎஸ் ஊழியர். சரிபார்த்து அனுமதிக்கும் ‘பி’, ‘சி’ கவுன்டர்களில் அரசு ஊழியர். எதை வெளியே கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று கோடு போட்டுப் பிரித்ததால் அந்தத் திட்டம் பெரிய சத்தமில்லாமல் ஓடுகிறது.

வாங்கியவர் கண்ணை மூடிக்கொண்டால்?

பிரிட்டனின் தபால்துறையில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். 1999 முதல் அங்கே ‘ஹொரைசன்’ என்ற கணக்கு சாஃப்ட்வேர் பயன்பட்டது. கொடுத்தது ஃபுஜிட்சு நிறுவனம். கிளைகளில் கணக்கு குறைந்தது. சாஃப்ட்வேர் தவறாக இருக்காது, கிளை நடத்துபவர்தான் திருடியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டி வழக்குப் போட்டார்கள். 2015 வரையிலான காலத்தில் 900-க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள், பலர் வீட்டை இழந்தார்கள். தவறு சாஃப்ட்வேரில் இருந்தது. 2024-ல் தனிச் சட்டம் போட்டு அந்தத் தண்டனைகளை ரத்து செய்ய வேண்டியதாயிற்று.

வெளியே வாங்கியதுதான் அங்கே குற்றம் என்று சொல்லிவிட முடியாது. வாங்கிய பிறகு, அது உள்ளே என்ன செய்கிறது என்று கேட்டுச் சரிபார்க்கத் தெரிந்த ஆள் தபால்துறை பக்கம் இல்லாமல் போனதுதான் இத்தனை குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியது. கம்பெனி சொன்னதைத் துறை நம்பியது. துறை சொன்னதை நீதிமன்றம் நம்பியது.

நம் ஊரில் இவ்வளவு மோசமாக இல்லாவிட்டாலும், 2021 ஜூன் 7-ம் தேதி வந்த புதிய வருமான வரி இணையதளம் எல்லாருக்கும் நினைவிருக்கும். இன்ஃபோசிஸ் உருவாக்கியது, திட்ட மதிப்பு 4,242 கோடி ரூபாய். லாகின் ஆகவில்லை, ஓடிபி வரவில்லை என்று ஆடிட்டர்கள் புலம்பினார்கள். ஆகஸ்டில் கம்பெனியின் தலைமை நிர்வாகியையே நிதியமைச்சர் அழைத்துப் பேசினார். கணக்குத் தாக்கல் கடைசித் தேதி டிசம்பர் 31 வரை போனது. பிறகு தளம் சரியானது.

அதே ஆடிட்டர்களுக்கு இன்னொரு அனுபவமும் உண்டு. கம்பெனிகள் கணக்குத் தாக்கல் செய்யும் எம்சிஏ-21 தளத்தை 2006-ல் டிசிஎஸ் தொடங்கியது. 2013-ல் அது இன்ஃபோசிஸ் கைக்குப் போனது. அடுத்த பதிப்பு எல்டிஐ கைக்கு வந்தது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் சில மாதங்கள் படிவம் ஏறாமல் தவிப்பு. ஒரு கம்பெனியை விட்டு இன்னொரு கம்பெனிக்குப் போவது சாமான் செட்டோடு வீடு மாறுவதைப் போல. எது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று பழையவருக்கு மட்டும்தான் தெரியும்.

கடைக்காரருக்கு, சின்ன நிறுவனத்துக்கு?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 பேர் வேலை செய்யும் ஒரு நிறுவனம். மூன்று புரோகிராமரை மாதம் 60,000 ரூபாய் சம்பளத்தில் வைத்தால் வருடத்துக்கு 21.6 லட்சம். வெளியே ஒருவருக்கு மாதம் 1,000 ரூபாய் என்று வாடகைக்கு எடுத்தால் 40 பேருக்கு வருடம் 4.8 லட்சம். பார்த்தவுடன் வாடகைதான் சரி என்று தோன்றும். பெரும்பாலும் அது சரியும்கூட. ஜிஎஸ்டி விதி மாறினால் டாலி போன்ற கணக்கு சாஃப்ட்வேர்களை விற்பவர்களே மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். பில் போடுவதற்கும் சம்பளக் கணக்குக்கும் சொந்தமாக ஆள் வைத்து எழுதுவது தேவையில்லாத வேலை.

ஆனால் அந்த 4.8 லட்சத்தில் வராத செலவுகள் உண்டு. பழைய கணக்கைப் புதியதில் ஏற்றுவது, ஊழியருக்குப் பழக்குவது, நம் வழக்கத்துக்கு ஏற்ப மாற்றுவது. மொத்தமாக விலை கொடுத்து வாங்கினால் பொதுவாக வருடத்துக்கு விலையில் 15 முதல் 20 சதவீதம் பராமரிப்புக்குப் போகும். சொந்தமாக எழுதினாலும் இதே கதைதான். எழுதி முடித்ததும் செலவு நின்றுவிடும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். எழுதிய பையன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால், அவன் எழுதியதைப் படிக்கக்கூட ஆள் இருக்காது.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்துபார்க்கலாம். டெமோ காட்ட வருபவரிடம், “எங்க டேட்டா மொத்தத்தையும் எக்செல்லில் இறக்கிக் காட்டுங்க” என்று கேளுங்கள். அங்கேயே இறக்கிக் காட்டினால் பேச்சைத் தொடரலாம். “அதெல்லாம் டீம்கிட்ட கேட்கணும் சார்” என்று இழுத்தால், பிரியும்போது என்ன நடக்கும் என்பதற்கு அதுவே பதில். ஆள் வைத்து எழுதவைத்தால், மூல நிரல் யாருடையது, கடைசியில் யாரிடம் ஒப்படைக்கப்படும் என்பதை முதல் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்க வேண்டும். வேலை முடிந்த பிறகு கேட்டால் அதற்குத் தனி விலை.

அடுத்தது ஸ்டார் 3.0

பதிவுத்துறையின் அடுத்த கட்டமாக ஸ்டார் 3.0 திட்டத்தை அரசு அறிவித்திருக்கிறது. 2000-ல் தொடங்கி மூன்றாவது தலைமுறை. 2022-23 நிதியாண்டிலேயே 17,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் ஈட்டிய துறை என்பதால், சாஃப்ட்வேருக்கான பணம் இங்கே பெரிய தடை இல்லை. பழைய தகவலை நகர்த்துவதுதான் கடினமான பகுதி. வில்லங்கச் சான்றில் 1975 முதலான பதிவுகள் ஆன்லைனில் இருக்கின்றன. கையால் எழுதியதைப் பார்த்து டைப் செய்தவை, ஊர்ப் பெயர் மாறியவை, ஒரே ஆளின் பெயரே நான்கு விதமாகப் பதிவானவை எல்லாம் அதில் உண்டு. ஒவ்வொரு முறை சாஃப்ட்வேர் மாறும்போதும் இவை அனைத்தும் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் போக வேண்டும். வழியில் ஒரு சர்வே எண் தொலைந்தால், அடுத்த முறை அந்த மனையை விற்கப் போகும் குடும்பத்துக்குத்தான் அது தெரியவரும்.

அதனால் சொத்து வைத்திருப்பவர்கள் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. இப்போது இருக்கும் தளத்தில் உங்கள் சொத்துக்கு வில்லங்கச் சான்றைத் தேடி, பிரதியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பது இலவசம். புதிய சாஃப்ட்வேர் வந்த பிறகு அதே சர்வே எண்ணுக்கு இன்னொரு முறை எடுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்திர எண், பெயர், பரப்பளவு எதிலாவது வித்தியாசம் தெரிந்தால் பழைய பிரதியையும் மூலப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு சம்பந்தப்பட்ட சார்பதிவாளர் அலுவலகத்தில் திருத்தம் கேட்டு மனு கொடுக்கலாம். முகூர்த்த நாளாகப் பார்த்துப் போகாமல் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும்.